மேசை மேல் ஓர் இணையத்தளம்



1990ஆம் ஆண்டின் இறுதியில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஒரு கறுப்புக் கணினி இயங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘இது ஒரு சர்வர், இதை அணைத்துவிடாதீர்கள்’ என்ற பொருளில் சிவப்பு மையில் கையால் எழுதிய எச்சரிக்கை அதில் இருந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய அந்த நெக்ஸ்ட் கணினிதான் உலகின் முதல் இணையத்தள சர்வர். அன்று யாராவது தெரியாமல் அதை அணைத்திருந்தால், உலகில் இருந்த ஒரே இணையத்தளமும் மறைந்திருக்கும்.

சர்வர் என்றதும் சைபர்ஜெயாவில் உள்ள தரவு மையங்களைப் போல, குளிரூட்டப்பட்ட கட்டடமும் வரிசை வரிசையான இயந்திரங்களும் உங்கள் நினைவுக்கு வரலாம். உண்மையில் சர்வர் என்பது கணினி செய்யும் ஒரு வேலையின் பெயர். இன்னொரு கணினி ‘இந்தக் கோப்பைக் கொடு’ என்று கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதுதான் அந்த வேலை. உங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினியும் இதைச் செய்யும். எங்கள் பள்ளி அறிவியல் கழகத்துக்காக அப்படி ஒரு சர்வரை அமைத்தோம். அதை நீங்களும் எப்படி அமைக்கலாம் என்று இந்த வாரம் பார்ப்போம்.

முதலில் எங்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கழக உறுப்பினர்களோடு கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். அங்குள்ள சதுப்புநிலக் காட்டின் சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக வளர்ந்த சிறு நண்டுகள் நிறைய உண்டு. மாணவர்கள் ஆளுக்குப் பத்து இருபது படங்கள் எடுத்தார்கள். எல்லாவற்றையும் வழக்கம்போல் கைப்பேசியில் இருந்த கழகக் குழுவில் பகிர்ந்துகொண்டோம்.

இரண்டு மாதம் கழித்து, படிவம் 4 மாணவி ஒருவர் தன் ஆய்வுக்காக அந்தப் படங்களைத் தேடினார். எத்தனை நண்டுகளுக்கு வலது கொடுக்கு பெரிது, எத்தனைக்கு இடது என்று எண்ண வேண்டும். படத்தைப் பெரிதாக்கினால் நண்டு இருந்த இடத்தில் நாலைந்து சதுரக் கட்டங்கள்தான் தெரிந்தன. மூலப்படங்களைக் கேட்டோம். சிலர் இடம் போதவில்லை என்று அழித்திருந்தார்கள். ஒருவருடைய கைப்பேசி தண்ணீரில் விழுந்து பழுதாகியிருந்தது. அந்த ஆய்வை அவரால் முடிக்க இயலவில்லை. ஆசிரியர் என்ற முறையில் அந்தத் தவறு என்னுடையது. மூலப்படங்களை ஓர் இடத்தில் சேர்த்து வைக்க நான் ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

நண்டு எங்கே போனது?

ஒரு சாதாரணக் கைப்பேசிப் படம் 4000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். குழுவில் அனுப்பும்போது செயலி அதை 1600×1200 ஆகச் சுருக்கினால், மிஞ்சுவது 19 லட்சத்து 20 ஆயிரம். அதாவது 6 பிக்சலில் 5 போய்விடுகின்றன. மூலப்படத்தில் 60 பிக்சல் அகலம் இருந்த நண்டு இப்போது வெறும் 24 பிக்சல். ஒருமுறை போன விவரத்தை எந்தச் செயலியாலும் அப்படியே மீட்க முடியாது. ‘தெளிவாக்கித் தருகிறோம்’ என்கிற செயலிகள் இல்லாததை ஊகித்து வரைகின்றன. அழகான படத்துக்கு அது போதும், எண்ணிக்கைக்கு உதவாது.

‘இணையத்தில் இலவசமாகச் சேமிக்க எத்தனையோ சேவைகள் இருக்கின்றனவே, ஆசிரியரே?’ என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கழகத்தின் படங்கள் ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட கணக்கில் கிடந்தால், அவர் மாற்றலாகிப் போகும்போது படங்களும் அவரோடு போய்விடும். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

என்னென்ன வேண்டும்?

நாங்கள் எடுத்துக்கொண்டது ராஸ்பெர்ரி பை 4. பிரிட்டனில் கல்விக்காக உருவாக்கப்பட்டு, 2012இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த உள்ளங்கை அளவுக் கணினி இனம் அது. அதற்கு வட்டு கிடையாது. ஒரு மைக்ரோ எஸ்.டி. அட்டையிலிருந்தே இயங்கும். அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவினாலும் இதே வேலை நடக்கும். மின்செலவு மட்டும் வேறுபடும். 5 வாட் எடுக்கும் சிறு கணினி, நாள் முழுக்க ஓடினால் 30 நாளில் 5×24×30 = 3600 வாட்மணி, அதாவது 3.6 அலகு. 20 வாட் எடுக்கும் மடிக்கணினிக்கு 14.4 அலகு. உங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டை எடுத்து, அதற்கு எத்தனை ரிங்கிட் ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இயங்குதளத்தின் மேல் மூன்று மென்பொருள்கள் வேண்டும். அப்பாச்சி என்பது வாசலில் நிற்பவர் போன்றது. உலாவி கேட்பதைக் காதில் வாங்கி, பதிலைத் திருப்பி அனுப்பும். பி.எச்.பி. உள்ளே இருந்து பக்கத்தைத் தயாரிக்கும். மரியாடிபி என்ற தரவுத்தளம், எந்தப் படம் எந்த ஆல்பத்தில் உள்ளது, அதன் தலைப்பு என்ன, யார் பார்க்கலாம் என்பதையெல்லாம் அட்டவணையாக எழுதி வைத்திருக்கும். மூன்றும் இலவசம், மூன்றும் திறமூல மென்பொருள்கள்.

இவற்றுக்கு மேலே படத்தளம். நாங்கள் தேர்ந்தெடுத்தது பிவிகோ. பிரான்ஸில் 2002இல் தொடங்கி இன்றுவரை வளர்க்கப்பட்டு வரும் திறமூல மென்பொருள் அது. புதிதாக வந்த வேறு சில இதைவிடக் கவர்ச்சியாக இருக்கின்றன. ஆனால் 20 ஆண்டுகளைக் கடந்தும் நிற்பதால் எனக்கு இதில் நம்பிக்கை.

அமைக்கும் வேலை

இதை வீட்டிலோ இணையம் உள்ள இடத்திலோ செய்யுங்கள். முதலில் அட்டையில் இயங்குதளத்தை எழுத வேண்டும். அதற்கென ராஸ்பெர்ரி பை நிறுவனமே ஒரு செயலியைத் தருகிறது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்போதே அமைத்துவிடலாம். பிறகு மேலே சொன்ன மூன்று மென்பொருள்களையும் நிறுவி, தரவுத்தளத்தில் பிவிகோவுக்கென்று காலியான ஒரு பகுதியையும் அதற்குத் தனிப் பயனரையும் உருவாக்குங்கள். பிவிகோ தளத்திலிருந்து ஒரே ஒரு சிறு நிறுவல் கோப்பை இறக்கி, அப்பாச்சி கோப்புகளைத் தேடும் அடைவில் வைத்து, உலாவியில் திறந்தால் போதும். மீதிக் கோப்புகளை அதுவே இறக்கிக்கொள்ளும். தரவுத்தளத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். கொடுத்துவிட்டால் தளம் தயார்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘அடைவில் எழுத அனுமதி இல்லை’ என்ற செய்தி வரும். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் அடைவுக்கும் உரிமையாளர் உண்டு. நீங்கள் உருவாக்கிய அடைவு உங்கள் பெயரில் இருக்கும். அப்பாச்சியோ வேறொரு பயனராக இயங்கும். அடைவின் உரிமையை அந்தப் பயனருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். இணையத்தில் சிலர், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடு என்று குறுக்குவழி சொல்வார்கள். அது வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுவது போன்றது, வேண்டாம்.

இனி முகவரி. உங்கள் ரவுட்டர், தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் தரும். 192.168 என்று தொடங்கும் எண்கள், உள் வலையமைப்புகளுக்கென்றே உலகளவில் ஒதுக்கப்பட்டவை. எங்கள் சர்வரின் எண் 192.168.0.25. அதே எண் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் இருக்கலாம், இரண்டும் மோதிக்கொள்ளாது. அந்த எண் அந்தந்த வீட்டுக்குள் மட்டுமே செல்லும். சர்வருக்கு எப்போதும் அதே எண்ணைத் தரும்படி ரவுட்டரில் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் முகவரி மாறி, தளத்தைக் காணோம் என்று தேடுவீர்கள்.

பள்ளி முதல்வரிடம் அனுமதி பெற்று, ஆய்வுக்கூட மேசையில் ஒரு சிறு ரவுட்டரோடு சர்வரை வைத்தோம். அந்த ரவுட்டரில் இணைய இணைப்பே கிடையாது. அதன் வைஃபையில் இணைந்து, உலாவியில் அந்த எண்ணைத் தட்டியதும் ஆல்பம் திறந்தது. ‘லைன் இல்லாமல் எப்படி வருகிறது?’ என்று ஒரு மாணவர் மூன்று முறை கேட்டார். நல்ல கேள்வி. இணையத்தளத்துக்கு இணையம் கட்டாயமில்லை. கேட்கும் கணினியும் கொடுக்கும் கணினியும் ஒரே வலையமைப்பில் இருந்தாலே போதும்.

(இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் ராஸ்பெர்ரி பை 4இல் கிடையாது. நேரத்தை இணையத்திலிருந்து பெறும். எங்கள் சர்வர் அணைந்திருந்த நேரமெல்லாம் அதற்குக் கணக்கிலேயே இல்லை. நாள்கள் பின்தங்கிக்கொண்டே போயின.)

முப்பது படம், எத்தனை வினாடி?

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் 30 படங்கள் தெரிகின்றன. ஒவ்வொரு மூலப்படமும் 4 மெகாபைட் என்றால் மொத்தம் 120 மெகாபைட். வைஃபை வேகம் வினாடிக்கு 50 மெகாபிட் என்று கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் அது 6.25 மெகாபைட். 120ஐ 6.25ஆல் வகுத்தால் 19.2 வினாடி. வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அதனால்தான் பிவிகோ ஒவ்வொரு படத்துக்கும் பல சிறிய நகல்களைச் செய்து வைக்கிறது. பட்டியலில் தெரியும் சிறு படம் 20 கிலோபைட் என்றால், 30 படங்களுக்கு 600 கிலோபைட்; பத்தில் ஒரு வினாடிதான். ஒரு படத்தைத் தட்டினால் நடுத்தர நகல் வரும். மூலப்படம் தேவைப்படுபவர் மட்டும் அதைக் கேட்டு இறக்கிக்கொள்ளலாம். இங்கேயும் சுருக்கம் உண்டு. ஆனால் மூலப்படம் அழியாமல் பின்னால் இருக்கிறது.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் முகவரி

மூலப்படத்தை அப்படியே வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. கைப்பேசி ஒவ்வொரு படத்தோடும் எக்சிஃப் என்ற குறிப்பைச் சேர்த்து எழுதுகிறது. எடுத்த நேரம், கேமராவின் வகை, இடம் பதியும் வசதி திறந்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அதில் இருக்கும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்; 360ஆல் வகுத்தால் ஒரு பாகை 111 கிலோமீட்டர். ஆக 0.0001 பாகை என்பது 11 மீட்டர். ஒரு வீட்டை அடையாளம் காட்ட அது போதும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தீர்க்கரேகைக்கும் இதே கணக்குதான்.

மாணவர் ஒருவர் வீட்டு வாசலில் பூத்த செம்பருத்தியைப் படமெடுத்து ஆல்பத்தில் ஏற்றினார். பூவின் படத்தில் அவர் வீட்டு முகவரியும் இருந்தது. சதுப்புநில ஆய்வுக்கு இடக்குறிப்பு வேண்டும்; வீட்டுப் படத்துக்கு வேண்டவே வேண்டாம். ஆகவே வீட்டில் எடுக்கும்போது கேமராவின் இடம் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படமென்றால், ஏற்றுவதற்கு முன் குறிப்பை நீக்குங்கள். நண்பர்களின் முகம் தெரியும் படங்களுக்கு அவர்களின் சம்மதம் கேளுங்கள். தனி ஆல்பமாக்கி, கடவுச்சொல் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். பிவிகோவில் அதற்கு வசதி உண்டு.

இதே காரணத்தால்தான் தளத்தை வெளி உலகுக்குத் திறக்காதீர்கள் என்கிறேன். ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்தால் வீட்டுத் தளத்தை எங்கிருந்தும் பார்க்கலாம் என்று இணையத்தில் படிப்பீர்கள். உண்மைதான். ஆனால் திறந்த வாசல்களைத் தேடித் தட்டிப்பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் இயங்குகின்றன. மறைகுறியாக்கம், உடனுக்குடன் புதுப்பித்தல், வலுவான கடவுச்சொல் ஆகியவற்றைக் கையாளப் பழகிய பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

பிளக் பிடுங்கப்பட்ட நாள்

செர்ன் ஆய்வுக்கூடத்து எச்சரிக்கைத் தாளை வகுப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் எங்கள் சர்வரில் அப்படி ஒன்றை ஒட்டவில்லை. ஒருநாள் யாரோ வேறு கருவிக்காக அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். எஸ்.டி. அட்டையில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பாதி எழுதிய தரவு கோப்பு அமைப்பையே குலைத்துவிடக்கூடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. மறுநாள் சர்வர் எழவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த நகல் வெளி வட்டில் இருந்தது. படங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் நான் படக் கோப்புகளை மட்டுமே நகலெடுத்திருந்தேன். தலைப்புகளும் ஆல்பங்களும் தரவுத்தளத்தில் இருப்பவை என்பதை உங்களுக்குக் கற்பிக்கும் நானே மறந்துபோனேன். எது எந்த நண்டு, யார் எடுத்த படம் என்று மாணவர்கள் உட்கார்ந்து மீண்டும் எழுதினார்கள். இடைப்பட்ட இரண்டு வாரப் படங்களில் சில திரும்பக் கிடைக்கவேயில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் இரண்டையும் எடுக்கிறோம்: படங்கள் உள்ள அடைவு, தரவுத்தளத்தின் நகல். ஒரு பிரதி ஆய்வுக்கூட அலமாரியில், இன்னொன்று என் வீட்டில். பள்ளி விடுமுறைக்கு முன் ஒரு பரிசோதனையும் செய்தோம். புது அட்டை ஒன்றை எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவி, நகலை அதில் ஏற்றினோம். இரண்டு பாடவேளை பிடித்தது. தளம் திறந்ததும் அந்தப் படிவம் 4 மாணவி முதலில் தேடியது சேற்று நண்டுப் படத்தைத்தான். இரண்டாம் முறை கோல சிலாங்கூர் போனபோது எடுத்தது அது. தலைப்பும் இருந்தது, நண்டும் தெளிவாக இருந்தது. தேதி மட்டும் மறுபடியும் தவறாகக் காட்டியது.