திருவானைக்கோவிலில் பிறந்த சர் சி.வி. ராமன்

பிப்ரவரி 28 அறிவியல் தினம்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்குக் காரணமான ராமன் பிறந்தது நம்ம திருவானைக்கோவில்ல (7.11.1888).

1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். பகலில் கணக்கு, சாயங்காலம் ஆய்வுக்கூடம். இப்படியே பத்து வருஷம்! 1917-ல் அந்த வேலையை விட்டுட்டு, குறைஞ்ச சம்பளத்துக்குப் பேராசிரியரா போனார். (வீட்ல என்ன சொன்னாங்களோ!)

1921-ல் கப்பலில் வரும்போது, கடல் ஏன் நீலம்னு யோசிச்சார். வானத்தோட நிழல்தான்னு சொன்னதை அவர் ஏத்துக்கல. தண்ணியே ஒளியைச் சிதறடிக்குதுன்னு காட்டினார். அடுத்து பல திரவங்களில் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். 1928-ல் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்டது இதுதான்: சிதறும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் மாறுது. ஏன்? மூலக்கூறு அதிர்கிறது; ஒளியிடமிருந்து கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கும், இல்லேன்னா கொடுக்கும். அந்த மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் வேற வேற, நம்ம கைரேகை மாதிரி. இதற்கு 1930-ல் நோபல் பரிசு.

லேசர் வந்தபிறகு இந்த முறைக்கு மவுசு கூடிடுச்சு. போலி மாத்திரையை உடைக்காமலே கண்டுபிடிக்கலாம். மூளை அறுவை சிகிச்சையில் எது புற்றுநோய்த் திசு, எது நல்ல திசுன்னு பார்க்க இதை வெச்சு ஆய்வு நடக்குது. 2021-ல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் ராமன் கருவி உண்டு.

ஆனா ராமனிடம் லேசர் ஏது? முதல் சோதனைகளுக்கு சூரிய ஒளியும் வண்ணக் கண்ணாடியும்தான். பார்த்தது வெறும் கண்ணால.