கொல்லும் முன் அடையாளம் பார்க்கும் கலம்

பரீட்சை மண்டப வாசலில் மேற்பார்வையாளர் முதலில் கேட்பது நமது அடையாள அட்டையைத்தான். அட்டை இல்லாதவரைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் எழுகின்றது. நமது உடலிலும் இரவு பகலாக இதே வேலையைச் செய்யும் கலங்கள் உள்ளன. அவையே இயற்கைக் கொல்லிக் கலங்கள்.

இவை வெண்குழியங்களுள் நிணநீர்க்குழியம் எனும் வகையைச் சேர்ந்தவை. என்புமச்சையில் தோன்றும் இவை, குருதியிலுள்ள நிணநீர்க்குழியங்களில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதமாகும். 1975ஆம் ஆண்டளவில் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தில் ரொல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹேபர்மனும் இவற்றை இனங்கண்டனர். முன்பு ஒருபோதும் சந்தித்திராத புற்றுநோய்க் கலங்களையும் இவை கொன்றன. அதனாலேயே ‘இயற்கை’ என்ற அடைமொழி இவற்றுக்கு வந்தது.

இவை எதிரியை அறிவது எவ்வாறு? கருவுள்ள நமது கலங்கள் அனைத்தும், மிகச் சிலவற்றைத் தவிர, முதலாம் வகை எம்.எச்.சி. எனும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் தாங்கியுள்ளன. இதுவே அவற்றின் அடையாள அட்டை. ஒரு கலத்தினுள் வைரசு புகுந்தால், அவ்வைரசின் புரதத் துண்டுகள் இந்த அட்டையில் வெளிப்படும். ரீ நிணநீர்க்குழியங்கள் அதைக் கண்டு தாக்கும். இதிலிருந்து தப்புவதற்காகச் சில வைரசுகளும் புற்றுநோய்க் கலங்களும் அட்டையையே மறைத்துவிடுகின்றன. அப்போது ரீ குழியம் ஏமாந்துபோகின்றது. ஆனால் கொல்லிக் கலமோ, “அட்டை எங்கே?” என்று சந்தேகிக்கின்றது. இதனைக் கிளாஸ் கரே என்பவரும் அவரது குழுவினரும் 1986இல் பரிசோதனை மூலம் காட்டினர்.

இங்கே ஒரு வினா எழலாம். செங்குழியத்தில் கரு இல்லை. இந்த அட்டையும் இல்லை எனலாம். அவ்வாறாயின் அது ஏன் கொல்லப்படுவதில்லை? அட்டை இல்லாமை மட்டும் கொல்வதற்குப் போதாது என்பதே விடை. தொற்றுக்குள்ளான அல்லது பழுதடைந்த கலங்கள் சில அபாயப் புரதங்களை மேற்பரப்பில் காட்டும். “தாக்கு” எனும் சமிக்ஞையையும் “நிறுத்து” எனும் சமிக்ஞையையும் கொல்லிக் கலம் எடைபோட்டுப் பார்க்கின்றது. தாக்கும் சமிக்ஞை மேலோங்கினால் மட்டுமே அது செயலில் இறங்கும்.

கொல்லும் முறை நான்கு படிகளில் நிகழ்கின்றது.

முதலாவது, கொல்லிக் கலம் இலக்குக் கலத்துடன் இறுக ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, அதனுள் சேமிக்கப்பட்டுள்ள நச்சுச் சிறுமணிகள் நுண்புன்குழாய்கள் வழியாக ஒட்டிய இடத்தை நோக்கி நகரும்.

மூன்றாவது, சிறுமணிகள் இரு கலங்களுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடைவெளியில் திறக்கும். வெளிவரும் பெர்ஃபோரின் எனும் புரத மூலக்கூறுகள் கல்சியத்தின் உதவியுடன் வளையமாக ஒன்றுசேர்ந்து இலக்கின் மென்சவ்வில் துளையிடும்.

நான்காவது, கிரான்சைம் எனும் நொதியங்கள் அத்துளைகளினூடாக உட்புகும். அவை இலக்குக் கலத்தினுள் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கும் கஸ்பேஸ் எனும் நொதியங்களைத் தட்டியெழுப்பும். அதன்பின் டீ.என்.ஏ. துண்டாகி, கலம் சுருங்கிச் சிறு பொதிகளாக உடையும்.

ஆகவே கொல்லிக் கலம் செய்வது, இலக்குக் கலத்திலேயே உள்ள மரணத் திட்டத்தைத் தொடக்கிவைப்பதாகும். இதனால் கலம் வெடித்துச் சிதறி அயலைப் பழுதாக்குவதில்லை. உடைந்த பொதிகளைத் தின்குழியங்கள் விழுங்கித் துப்புரவாக்கும். கொல்லிக் கலமோ விலகிச் சென்று அடுத்த இலக்கைத் தேடும்.

இக்கலங்கள் இல்லாவிட்டால் என்ன நேரும்? 1989இல் அமெரிக்க மருத்துவர்கள், இயற்கைக் கொல்லிக் கலங்கள் இல்லாத ஒரு பதின்ம வயதுச் சிறுமியைப் பற்றி அறிவித்தனர். கொப்புளிப்பானும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வைரசுகளும் அவளை மிகக் கடுமையாகத் தாக்கியிருந்தன. நம்மில் பலர் பாடசாலைக்கு இரண்டு கிழமை விடுமுறை கிடைத்தது என்று மட்டும் நினைவுவைத்திருக்கும் ஒரு நோய், அச்சிறுமிக்குப் பேராபத்தாக அமைந்தது. புதிய வைரசு ஒன்றுக்கு எதிராக ரீ குழியங்கள் பெருகித் தயாராவதற்குப் பல நாட்கள் எடுக்கும். அந்த முதல் நாட்களில் வாசலைக் காப்பவற்றுள் முக்கியமானவை இந்தக் கலங்களே.

கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாயின் கருப்பைச் சுவரிலும் இவை பெருந்தொகையாகக் காணப்படுகின்றன. பாதி தந்தையின் பரம்பரையலகுகளைக் கொண்ட சிசுவின் கலங்கள் அருகில் இருந்தும் இவை அவற்றைக் கொல்வதில்லை. மாறாக, சூல்வித்தகத்துக்குப் போதிய குருதி கிடைக்கும் வண்ணம் தாயின் நாடிகளை அகலமாக்க உதவுகின்றன.

பெயரில் கொல்லி என்றிருந்தாலும், இவற்றின் வாழ்நாளில் பெரும்பகுதி கொல்லாமல் விடுவதிலேயே கழிகின்றது. ஆயிரக்கணக்கான நலமான கலங்களைத் தொட்டுப் பார்த்து, விசாரித்து, விட்டுவிட்டு நகர்கின்றன. நாம் ஒவ்வொரு நாளும் சுகமாக எழுந்து பாடசாலைக்கு வருவதில் அந்த விசாரணைக்கும் ஒரு பங்குண்டு.