விலை கொடுத்து வாங்கும் மாடு

அன்புள்ள தம்பிக்கு,

ஜனவரியில் ஃபுளோரிடா கிஸ்ஸிம்மி ஏலத்துக்குப் பெயர் பதிந்துவிட்டதாக எழுதியிருந்தாய். 1970 ஷெவெல் எஸ்எஸ் 454 ஒன்றைக் குறி வைத்திருக்கிறாய், எல்எஸ்6 எஞ்சின் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது, வங்கிக் கடிதமும் கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் உன் கடிதத்தில் வண்டியின் நிறத்தைப் பற்றி எட்டு வரி இருந்தது. எஞ்சின் எண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னைப்போலப் பழைய கார் வாங்கி விற்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நீ வாங்கப்போவது தானம் இல்லை.

அந்த வண்டிமேல் உனக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. 1970 மாடலுக்கு அதைத் தளர்த்தியதும் ஷெவர்லே 454 எஞ்சினை ஷெவெலுக்குள் இறக்கியது. எல்எஸ்6 வகைக்கு 450 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே ஈயம் குறைந்த பெட்ரோலுக்குத் தோதாக அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள். காப்பீட்டுக் கட்டணமும் இளைஞர்களின் கழுத்தை நெரித்தது. 1973-இல் எண்ணெய்த் தடை வந்தது. ஜான் டிலோரியன் காலத்து போண்டியாக் 1964-இல் ஜிடிஓவைக் கொண்டுவந்து தொடங்கிவைத்த மஸில் கார் காலம் பத்து வருஷத்துக்குள் முடிந்தது. அந்தக் குறுகிய காலத்தில் ஆலையிலிருந்து அப்படியே வந்த வண்டிக்குத்தான் இன்று பணம். சாதாரண ஷெவெல் மாலிபுவுக்கு 454 எஞ்சினைப் பிற்பாடு பொருத்தி, எஸ்எஸ் பட்டையும் ஒட்டிவிட்டால் பத்தடி தூரத்திலிருந்து பார்க்க அதே வண்டிதான். விலையோ பாதிகூடப் பெறாது.

ஒவ்வொரு கம்பெனியின் சேஸிஸ் எண்ணும் ஒவ்வொரு மாதிரி பேசும். 1971 ஹெமி கூடா திறந்த கூரை வண்டியின் எண் ‘பிஎஸ்27ஆர்1பி’ என்று தொடங்கும். பிஎஸ் என்றால் பாராகுடா வரிசையின் கூடா, 27 திறந்த கூரை, ஆர் 426 ஹெமி எஞ்சின், 1 அந்த ஆண்டு, கடைசி பி ஹாம்ட்ராம்க் ஆலை. வண்டியே வாய் திறந்து சொல்லிவிடுகிறது. 2014-இல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் இந்த வகை வண்டி ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. ஜிடிஓ 1966-இலிருந்து தனி மாடல், எண் 242 என்று தொடங்கும். அதற்கு முன் இரண்டு வருஷம் அது லெமான்ஸ் வண்டிக்கான கூடுதல் தேர்வுதான் என்பதால் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் போண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் ஆலைப் பட்டியலின் நகல் கிடைக்கும். 1967 முதல் வந்த ஃபோர்டு என்றால் கெவின் மார்ட்டியிடமிருந்து அறிக்கை வாங்கலாம்.

ஷெவெலுக்கு இந்த வசதி எதுவும் இல்லை, தம்பி. 1970 வண்டியின் எண் 13637 என்று தொடங்கினால் அது எட்டு சிலிண்டர் மாலிபு கூபே, அவ்வளவுதான். 307 எஞ்சின் போட்ட வீட்டு வண்டிக்கும் அதே எண், எல்எஸ்6-க்கும் அதே எண். மீதியை நீதான் தேட வேண்டும். பெட்ரோல் டேங்கின் மேலோ சீட் ஸ்பிரிங்கிலோ ஒட்டிக்கிடக்கும் பில்ட் ஷீட், முதல் உரிமையாளருக்கு வாரண்டிப் புத்தகத்தோடு கொடுத்த சின்ன உலோகத் தகடு, டீலர் போட்ட பில். இவற்றுக்கும் போலி அடிக்கிறார்கள். அதனால் காகிதத்தையும் இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

எஞ்சினின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் விரல் நீளத்துக்கு ஒரு சமதளம் இருக்கும். ஆல்டர்னேட்டர் மறைக்கும், டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கொண்டுபோ. கிரீஸைத் துடைத்துவிட்டு நிதானமாகப் பார். ஆலையில் பிளாக்கின் மேல்முகத்தைச் சீவிய கத்தி, முன்னிருந்து பின்னாக மயிரிழைபோல நேர்கோடுகளை விட்டுப்போயிருக்கும். அந்தக் கோடுகளின் மேல்தான் எண்ணை அடித்திருப்பார்கள். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்தவன் கோடுகளையும் சேர்த்தே தேய்த்திருப்பான். தளம் வழவழவென்று இருந்தாலோ, கோடு வட்டமாகவோ குறுக்காகவோ ஓடினாலோ அங்கேயே நின்றுவிடு. நேர்மையாக எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்த பட்டறையும் மேல்முகத்தைச் சீவியிருக்கலாம். அது மோசடி ஆகாது. ஆனால் சாட்சி போய்விட்டது, அந்த அளவுக்கு விலையும் இறங்க வேண்டும்.

பிறகு தேதிக் கணக்கு. பிளாக்கை வார்த்த தேதி அதிலேயே புடைப்பாக இருக்கும்: ‘பி 3 0’ என்றால் 1970 பிப்ரவரி 3. சமதளத்தில் ‘டி0215’ என்றால் டோனாவாண்டா ஆலையில் பிப்ரவரி 15-இல் பூட்டியது. எஞ்சின் அறையின் பின்சுவர்த் தகட்டில் ‘03பி’ என்றால் பாடி கட்டியது மார்ச் இரண்டாம் வாரம். வார்த்தது, பூட்டியது, வண்டி கட்டியது என்று வரிசை ஒழுங்காக வருகிறது. மார்ச்சில் கட்டிய வண்டிக்குள் ஏப்ரலில் வார்த்த பிளாக் இருந்தால் அது எப்படி உள்ளே போனது என்று விற்பவரைக் கேள்.

நான் இதைக் கற்றுக்கொண்டதற்குக் கொடுத்த கட்டணம் பெரிது. தொழிலுக்கு வந்த நாலாம் வருஷம் ஒரு ஏலத்தில் ஷெவெல் ஒன்றை மேடையில் வைத்துத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. எதிரே ஒருவர் கை தூக்கத் தூக்க நானும் தூக்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து தளத்தைத் துடைத்தபோது குறுக்குக் கோடுகள் தெரிந்தன. அன்று இரவு ஷெட்டில் அந்த வண்டியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை விற்கும்போது ‘எஞ்சின் எண் மறுபடி அடித்தது’ என்று தாளில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டினேன். போட்டதில் மூன்றில் ஒரு பங்கு போனது. அந்தத் தாளைப் படித்துவிட்டு வாங்கியவர் பிற்பாடு என்னிடம் இன்னும் நான்கு வண்டிகள் வாங்கினார்.

மேடைக்கு வண்டி வந்துவிட்டால் உனக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். நம்மூர் ஏலம் மாதிரி ஒரு தரம், இரண்டு தரம் என்று நிறுத்தி மூச்சு விடுகிற வழக்கம் அங்கே இல்லை. ஏலம் விடுபவர் பாட்டுப்போல ஓட்டிக்கொண்டே போவார். அவருடைய ஆள் ஒருவர் உன் முகத்துக்கு நேரே வந்து நின்று ‘இன்னும் ஒரு தடவை’ என்று கண்ணைப் பார்த்துக் கேட்பார். அது அவர் வேலை. சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் 10 சதவீதம் வாங்குபவர் கட்டணம் உண்டு, வரியும் லாரி வாடகையும் தனி. ஆகவே கட்டணத்தோடு 1,10,000 டாலர்தான் உன் எல்லை என்றால், 1,00,000-இல் கை இறங்கிவிட வேண்டும். முந்தின இரவே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வை. ரிசர்வ் எடுத்தாச்சு என்று அறிவித்ததும் கூட்டம் கொதிக்கும். விற்பவர் இனி வந்த விலைக்கு விற்கச் சம்மதம் என்பதுதான் அதற்குப் பொருள். விலை நியாயம் என்று அல்ல. உள்ளது உள்ளபடியேதான் விற்பனை. பின்னால் போய் முறையிட்டுப் பெரிதாகப் பயன் இராது. 2008-க்கு முன் உச்சத்தில் வாங்கிய எத்தனையோ பேருக்கு அடுத்த இரண்டு வருஷத்தில் கை சுட்டதையும் மறக்காதே.

ஒருநாள் நீயும் விற்பாய். அதற்கு ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங்கை நினைத்துக்கொள். 1974-இல் ஒரு குடும்பம் அதை 6,000 டாலருக்கு வாங்கியது. வீட்டு அம்மா அதை அன்றாட வண்டியாகவே ஓட்டினார். மெக்வீனே 1977-இல் கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. பிறகு பல வருஷம் ஓடாமல் நின்றது. 2020 ஜனவரியில் நீ போகிற அதே கிஸ்ஸிம்மியில், ரிசர்வ் இல்லாமல் மேடை ஏறியது. மங்கிய பெயின்ட், துரு, ஒடுக்கு, படப்பிடிப்புக்கு கேமரா மாட்ட அடியில் பற்றவைத்த இரும்பு எல்லாம் அப்படியே. 34 லட்சம் டாலருக்குச் சுத்தியல் விழுந்தது; கட்டணம் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம். அதற்கு யாராவது பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதன் சாட்சியத்தையே அழித்திருப்பார்கள். உன் கைக்கு வரும் வண்டியில் பழைய பெயின்ட் கொஞ்சம் மிச்சமிருந்தால் அதைச் சுரண்டாதே. குறை இருந்தால் விவரத் தாளின் முதல் வரியிலேயே எழுது.

இப்போதைக்கு ஒன்று மட்டும் செய். ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய், அனுமதி கேட்டு, அந்த ஷெவெலின் எஞ்சின் தளத்தையும் வார்ப்புத் தேதியையும் பின்சுவர்த் தகட்டையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துப் பதில் சொல்லும்வரை கையைத் தூக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்