பைதான் பேக்கேஜின் மெட்டாடேட்டா: எதைக் கொண்டு வாசிப்பது, எதைக் கொண்டு சரிபார்ப்பது

பைதான் பேக்கேஜ் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிய குறிப்புகளைத் தானே சுமந்து வருகிறது. பெயர், பதிப்பு எண், ஆக்கியவர், உரிமம், எந்தப் பைதான் பதிப்பு வேண்டும், உடன் வேறு எந்தப் பேக்கேஜ்கள் வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். மெட்டாடேட்டா எனப்படும் இந்தக் குறிப்புகள் மின்னஞ்சலின் தலைப்பு வரிகளைப் போலவே எழுதப்படுகின்றன: புலத்தின் பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு. 2001இல் பெப் 241 என்ற ஆவணம் இதன் 1.0 வடிவத்தை வகுத்தது. பின்னர் 1.1, 1.2 வந்தன. 2.0 வரைவிலேயே கைவிடப்பட்டது. 2.1 முதல் 2.4 வரையிலான வடிவங்களே இன்று பெரும்பாலும் கண்ணில் படுகின்றன.

இவற்றை வாசிக்கக் கருவிகள் பல உண்டு. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பேக்கேஜ் இப்போது எங்கே இருக்கிறது, வாசித்தால் போதுமா அல்லது சரியா தவறா என்று தீர்ப்பும் சொல்ல வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளே தேர்வை முடிவு செய்கின்றன. முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். சிக்கல்கள் பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

நிறுவப்பட்ட பேக்கேஜ்

கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட பேக்கேஜ் என்றால் தேர்வு எளிது. பைதான் 3.8 முதல் மொழியுடனேயே வரும் இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா போதும். பதிப்பு எண்ணைக் கேட்கவும், சார்புகளைப் பட்டியலிடவும், நிறுவப்பட்ட கோப்புகளைக் காணவும் தனித்தனிச் செயற்கூறுகள் அதில் உள்ளன. நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் வேறாக இருக்கும் இடங்களில் கவனம் வேண்டும். பில்லோ என்று நிறுவப்படுவது நிரலில் பிஐஎல் ஆகிறது. பியூட்டிஃபுல்சூப்4 என்பது பிஎஸ்4 ஆகிறது. இந்த இரண்டு பெயர்களையும் இணைத்துக் காட்டும் செயற்கூறு 3.10இல் சேர்ந்தது.

இதே வேலைக்குப் பழைய நிரல்களில் பிகேஜி_ரிசோர்சஸ் என்ற கூறு காணப்படும். அதை இம்போர்ட் செய்த உடனேயே சூழலில் உள்ள எல்லாப் பேக்கேஜ்களையும் அது அலசத் தொடங்கிவிடும். சிறிய கட்டளைகள்கூடத் தயங்கித் தயங்கித் தொடங்குவதற்கு இது பெயர்பெற்ற காரணம். கைவிடத்தக்கது என்று செட்டப்டூல்ஸ் திட்டமே அறிவித்துவிட்டதால், புதிதாக எழுதும் நிரலில் இதற்கு இடமில்லை. நிரல் எழுதாமல் சூழல் முழுவதையும் ஒரே பார்வையில் காண வேண்டுமென்றால் நிறுவும் கருவியான பிப்பில் இன்ஸ்பெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. எல்லாவற்றையும் அது ஜேசன் வடிவில் கொட்டித் தருவதால், பைதானே இல்லாத வேறொரு நிரலும் அதை வாசித்துக்கொள்ளலாம்.

இம்போர்ட்லிப் எதையும் சரிபார்ப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கோப்பில் தவறான பதிப்பு எண் இருந்தால் அதையே எடுத்துக் கொடுக்கும். நிறுவப்பட்டவற்றைப் பொறுத்தவரை அதுவே சரியான நடத்தையும்கூட. உள்ளே வந்து ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி அப்போது தீர்ப்புச் சொல்லி ஆவது ஒன்றுமில்லை.

கையில் உள்ள கோப்பு

நிறுவத் தயாராகக் கட்டப்பட்ட பேக்கேஜான வீல் ஒரு ஜிப் கோப்பு. அதனுள் டிஸ்ட்-இன்ஃபோ என்று முடியும் கோப்புறையில் மெட்டாடேட்டா என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும். மின்னஞ்சல் வடிவம்தானே என்று பைதானின் ஈமெயில் கூறைக் கொண்டு நேராக அதைப் பிரிப்பவர்கள் உண்டு. முதலில் எல்லாம் நன்றாகவே நடக்கும். வகைக்குறிப்பு, சார்பு போன்ற புலங்கள் பலமுறை வரக்கூடியவை. அவற்றை அகராதி போலக் கேட்டால் ஒன்று மட்டுமே வரும், மற்றவை சத்தமின்றி மறையும். கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆஸ்கி அல்லாத எழுத்துகளைத் தலைப்பு வரிகளில் பழைய மின்னஞ்சல் முறை எதிர்பார்ப்பதில்லை. ஆக்கியவர் தம் பெயரைத் தமிழில் எழுதியிருந்தால் பிழை அங்கேதான் முதலில் வெளிப்படும்.

ஆகவே கோப்புகளுக்கு உகந்தது பேக்கேஜிங் என்ற நூலகம். பெயர் குழப்பலாம், அது பிப் தன்னுள்ளேயே வைத்துப் பயன்படுத்தும் அடிப்படைக் கருவி. 2023இல் வந்த 23.1 பதிப்பில் வாசிக்கும் பகுதியும், அதே ஆண்டின் 23.2 பதிப்பில் சரிபார்க்கும் பகுதியும் அதில் சேர்ந்தன. இரண்டையும் தனித்தனியே வைத்திருப்பதே இதன் பெரிய சிறப்பு. பார்ஸ்_ஈமெயில் என்ற செயற்கூறு இரண்டு அகராதிகளைத் திருப்பித் தரும்: புரிந்துகொண்ட புலங்கள் ஒன்றில், புரியாதவை இன்னொன்றில். எதையும் தூக்கி எறியாது, எதற்கும் வேலையை நிறுத்தாது. கண்டிப்பு வேண்டுமென்றால் மெட்டாடேட்டா என்ற கிளாஸுக்குப் போக வேண்டும். பெயர், பதிப்பு எண், சார்புகளின் எழுத்துமுறை ஆகியவற்றையும், கோப்பு அறிவித்துக்கொண்ட வடிவ எண்ணில் அந்தப் புலத்துக்கு இடம் உண்டா என்பதையும் அது பார்க்கும். முதல் பிழையிலேயே நின்றுவிடாமல் எல்லாப் பிழைகளையும் திரட்டி ஒரே கட்டாகத் தருவது, திருத்த உட்காருபவருக்குப் பெரிய உதவி.

அது பார்க்காதவையும் உண்டு. வகைக்குறிப்பு உண்மையிலேயே அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று பார்க்க ட்ரோவ்-கிளாசிஃபையர்ஸ் என்ற தனிப் பேக்கேஜ் வேண்டும். பேக்கேஜ்கள் வெளியிடப்படும் பைபிஐ தளத்தின் பக்கத்தில் விளக்கவுரை ஒழுங்காகத் தெரியுமா என்று பார்ப்பது, பதிவேற்றும் கருவியான ட்வைனின் செக் கட்டளை. பெயரைக் கண்டு அது அனைத்தையும் சரிபார்த்துவிட்டது என்று நம்புவது பரவலான தவறு. விளக்கவுரையைத் தாண்டி அதன் வேலை பெரிதாக நீளாது.

இன்னொரு இடைவெளி இதைவிட முக்கியமானது. ஒரு வீலில் பெயரும் பதிப்பும் மூன்று இடங்களில் எழுதப்பட்டுள்ளன: கோப்பின் பெயரில், டிஸ்ட்-இன்ஃபோ கோப்புறையின் பெயரில், மெட்டாடேட்டாவின் உள்ளே. மேற்சொன்ன கிளாஸ் உரையை மட்டுமே பார்க்கிறது. மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்பதை அழைப்பவர்தான் ஒப்பிட வேண்டும். வெளியாரிடமிருந்து கோப்புகளைப் பெறும் சர்வர் எதுவும் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்கக் கூடாது. ஒப்பிடும்போது பெயர்களைச் சீராக்கியே ஒப்பிட வேண்டும். எழுத்துகளெல்லாம் சிறிய எழுத்தாகும். புள்ளி, கோடு, அடிக்கோடு ஆகியவை தனித்து வந்தாலும் சேர்ந்து வந்தாலும் ஒற்றைக் கோடாகும். ஓப்பன்-தமிழ் என்பதைக் கோட்டுடன் எழுதினாலும் அடிக்கோட்டுடன் எழுதினாலும் பைபிஐக்கு அது ஒரே பேக்கேஜ்தான். இதற்கான செயற்கூறுகளும் பேக்கேஜிங் நூலகத்திலேயே உள்ளன.

பிகேஜிஇன்ஃபோ என்ற மூத்த நூலகம் இன்னும் வசதியானது. வீல், அடுத்துப் பார்க்கப்போகும் எஸ்டிஸ்ட், நிறுவப்பட்டது என எதைக் கொடுத்தாலும் ஒரே வரியில் வாசித்துவிடும். சரிபார்ப்பு மட்டும் அதன் வேலையன்று. 2.4 வடிவக் கோப்புகள் வெளிவரத் தொடங்கியபோது இதன் பழைய பதிப்புகளுக்கு அந்த எண் தெரியவில்லை. புலங்களை வெறுமையாக விட்டன. அவற்றை நம்பியிருந்த ட்வைன், பெயரையும் பதிப்பையும் காணோம் என்று புகார் சொல்லிப் பதிவேற்ற மறுத்தது. இரண்டும் கோப்பில் தெளிவாக இருந்தன. 2025இல் வந்த 6.1 பதிப்பில் ட்வைன் பேக்கேஜிங் நூலகத்துக்கே மாறிக்கொண்டது. தெரியாத வடிவ எண்ணைக் கண்டால் என்ன செய்வது என்பதை மெட்டாடேட்டா விதியே சொல்கிறது. புள்ளிக்குப் பின்னுள்ள எண் மட்டும் கூடியிருந்தால் எச்சரித்துவிட்டுத் தொடர வேண்டும். முன்னுள்ள எண் கூடியிருந்தால் நிறுத்த வேண்டும்.

எஸ்டிஸ்டும் மூலமும்

மூலக்குறிமுறையை அப்படியே கட்டித் தரும் எஸ்டிஸ்டில் பிகேஜி-இன்ஃபோ என்ற கோப்பு இருக்கும். அதை எவ்வளவு நம்பலாம் என்பது நெடுங்காலம் தீராத கேள்வியாக இருந்தது. மெட்டாடேட்டாவைத் தரும் செட்டப்.பை என்பது ஒரு நிரல். ஓடும் கணினியைப் பொறுத்து அது வெவ்வேறு சார்புகளைச் சொல்லலாம். 2020இல் பெப் 643 இதற்கு முடிவு கட்டியது. வடிவ எண் 2.2 அல்லது அதற்கு மேல் என்றால், டைனமிக் என்று குறிக்கப்படாத புலம் எதுவும் வீல் கட்டும்போது மாறாது. எனவே முதலில் வடிவ எண்ணையும் டைனமிக் வரிகளையும் பார்க்க வேண்டும். சார்புகள் அதில் குறிக்கப்படவில்லை என்றால் வாசித்ததை நம்பலாம்.

குறிக்கப்பட்டிருந்தாலோ, வடிவ எண் பழையதாக இருந்தாலோ, பில்ட் நூலகத்தைக் கொண்டு மெட்டாடேட்டாவை உருவாக்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அப்போது அந்நியர் எழுதிய நிரல் கணினியில் ஓடுகிறது. ஆய்வுக்காகப் பல பேக்கேஜ்களைத் திரட்டுபவர்கள் இதைத் தனிமைப்படுத்திய சூழலுக்கு வெளியே செய்யவே கூடாது. சொந்தத் திட்டமென்றால் இந்தக் கவலை இல்லை. பைப்ராஜெக்ட்.டாம்ல் கோப்பை வேலிடேட்-பைப்ராஜெக்ட் கொண்டு ஒவ்வொரு கமிட்டின்போதும் பார்த்துவிட்டால் எழுத்துப்பிழைகள் அங்கேயே நிற்கும்.

சர்வரில் இருக்கும்போது

பைபிஐ தரும் ஜேசன் முகவரி கவர்ச்சியானது. ஒரு வேண்டுகோளில் எல்லாம் வந்துவிடும். ஆனால் ஒரு வெளியீட்டுக்குள் பல கோப்புகள் இருக்கலாம். விண்டோஸுக்கான வீலும் லினக்ஸுக்கான வீலும் வெவ்வேறு சார்புகளைச் சொல்லலாம். ஜேசன் காட்டும் சார்புகளோ முதலில் பதிவேற்றப்பட்ட கோப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. பட்டியல் காட்டவும் தேடவும் அது போதும். எதை நிறுவுவது என்று முடிவெடுக்க அதை நம்பக் கூடாது.

அதற்கு உரிய வழியை 2021இல் பெப் 658 முன்வைத்தது. வீலின் முகவரியோடு ஒரு புள்ளியும் மெட்டாடேட்டா என்ற சொல்லும் சேர்த்தால் அந்த ஒரு வீலின் மெட்டாடேட்டா மட்டும் தனியே வரும். பல நூறு மெகாபைட் வீலுக்குப் பதில் சில கிலோபைட்டில் வேலை முடியும். பைபிஐ 2023இல் இதை நடைமுறைப்படுத்தியபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. பைபிஐயில் இருந்த ஒரு பிழை பிப்பில் இருந்த இன்னொரு பிழையை மறைத்துக்கொண்டிருந்தது. ஒன்றைத் திருத்தினால் ஏற்கெனவே வெளிவந்த பிப் பதிப்புகள் முறிந்துவிடும் நிலை. கடைசியில் பெப் 714 வழியாக, இந்த வசதி உண்டு என்று அறிவிக்கும் புலத்தின் பெயரையே மாற்றி விலகிக்கொண்டார்கள். அதனால் இன்று எழுதும் நிரல் கோர்-மெட்டாடேட்டா என்ற பெயரைத் தேட வேண்டும். உடன் வரும் ஹாஷையும் ஒப்பிட வேண்டும். இந்த வசதி இல்லாத நிறுவனச் சர்வர்களில், ஜிப்பின் உள்ளடக்க அட்டவணை கோப்பின் கடைசியில் இருப்பதைப் பயன்படுத்தி, வேண்டிய பகுதியை மட்டும் இறக்கும் உத்தி கைகொடுக்கும்.

கண்டிப்பு எவ்வளவு

வெளியிடுபவருக்கு முழுக் கண்டிப்பே நல்லது. பைபிஐயும் பதிவேற்றத்தின்போது அதே பேக்கேஜிங் நூலகத்தைக் கொண்டுதான் சோதிக்கிறது. அங்கே மறுக்கப்படப் போவதை வீட்டிலேயே மறுத்துவிடலாம்.

பெறுபவரின் நிலை வேறு. பைபிஐயில் இருபது ஆண்டுச் சரக்கு கிடக்கிறது. பைட்ஸட் பேக்கேஜின் மிகப் பழைய வெளியீடுகளில் 2004டி போன்ற பதிப்பு எண்கள் உண்டு. இன்றைய விதிப்படி அவை செல்லாது. கைவிடப்பட்ட 2.0 வடிவ எண்ணைத் தாங்கிய பழைய வீல்களும் ஏராளம். கண்டிப்பான கிளாஸ் அவற்றையும் ஏற்காது. 2024 ஜூனில் வந்த பிப் 24.1 பழைய பதிப்பு எழுத்துமுறைகளுக்கான ஆதரவைக் கைவிட்டது. பெரிய-அல்லது-சமம் குறியோடு நட்சத்திரத்தைச் சேர்த்து எழுதிய சார்புகளைக் கொண்ட பேக்கேஜ்கள் அன்றுமுதல் நிறுவப்பட மறுத்தன. நிறுவும் கருவி அப்படி நடந்துகொள்வதில் நியாயம் உண்டு. பட்டியலிடும் கருவியோ, உரிமங்களைத் திரட்டும் கருவியோ, பாதுகாப்பு ஆய்வோ அப்படிச் செய்தால் கவனிக்க வேண்டிய பழைய பேக்கேஜ்களே கணக்கிலிருந்து விடுபடும். அங்கே பார்ஸ்_ஈமெயிலால் வாசித்து, புலம் புலமாகச் சோதித்து, பிழையைப் பதிவு செய்துகொண்டு முன்னே போவதே முறை.

எந்தச் சரிபார்ப்பும் எழுத்துமுறையைத்தான் சோதிக்கிறது. ஆக்கியவர் புலத்தில் எவர் பெயரையும் எவரும் எழுதலாம். அது விதிப்படி செல்லும். இதனால்தான் பைபிஐ ஒவ்வொரு பேக்கேஜின் பக்கத்திலும் தான் உறுதிசெய்த விவரங்களையும் உறுதிசெய்யாதவற்றையும் தனித்தனிப் பகுதிகளாகக் காட்டுகிறது. மெட்டாடேட்டாவிலிருந்து எடுக்கப்பட்ட ஆக்கியவர் பெயரும் உரிமமும் இரண்டாவது பகுதியில்தான் வருகின்றன.