வரைபடத்தில் ஊறிய எண்ணெய்

அமெரிக்கப் புறநகர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் பெற்றோரிடம் ஊர் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். காற்று சுத்தம், தெரு சுத்தம் என்று தொடங்குவார்கள். கொஞ்சம் பொறுத்து, "பகல் பூரா வீட்டுக்குள்ளேயேதான். அவன் ஆபீஸிலிருந்து வந்து காரை எடுத்தால்தான் வெளியே" என்பார்கள். காலாற நடக்க அங்கே தெரு உண்டு. நடந்துபோய்ச் சேரத்தான் இடம் கிடையாது. கோயிலுக்குக் கார், முடிவெட்டக் கார், ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கும் கார்.

அந்தக் கார்கள் குடிக்கும் எண்ணெய் கொஞ்சநஞ்சமல்ல. உலக மக்களில் நூற்றுக்கு நான்கு பேர் வாழும் நாடு அது. உலகம் ஒரு நாளில் செலவழிக்கும் சுமார் 10 கோடி பீப்பாய் எண்ணெயில் ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் அங்கேதான் தீர்கிறது. 2017-இல் அரசு எடுத்த வீட்டுவசதிக் கணக்கெடுப்பில் 52 விழுக்காட்டினர் தாங்கள் வாழ்வது புறநகர் என்று சொன்னார்கள். இந்த வாழ்க்கை எப்படி வந்தது, எண்ணெய் விலை ஏறினால் என்ன ஆகும் என்பது பற்றி எத்தனையோ நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: புறநகர் காரோடு பிறந்தது

உண்மை: காருக்கு முன்பே பிறந்துவிட்டது. சிகாகோவை அடுத்த ரிவர்சைடை 1869-இல் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் திட்டமிட்டார்கள். வளைந்த தெருக்கள், மரநிழல், புல்வெளி எல்லாம் அதிலேயே உண்டு. நகரத்துக்குப் போய்வர ரயில். இன்று கார் ஊர்களின் தலைநகர் என்று பேர் வாங்கிய லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஹென்றி ஹன்டிங்டனின் பசிபிக் எலக்ட்ரிக் நிறுவனம் 1,600 கிலோமீட்டருக்கு மேல் மின்ரயில் தடம் வைத்திருந்தது. ஹன்டிங்டனுக்கு டிக்கெட் காசைவிட மனை விற்ற காசு பெரிது. தண்டவாளம் போட்டால் பக்கத்து நிலம் விலை போகும் என்பது அவர் கணக்கு.

அந்தக் காலப் புறநகருக்கு எல்லை வகுத்தது கால்தான். நிறுத்தத்தில் இறங்கி நடந்துபோகிற தூரத்துக்குள் வீடு இருந்தாக வேண்டும். கடைகளும் நிறுத்தத்தை ஒட்டியே முளைத்தன. கார் வந்து அந்த எல்லையை அழித்தது.

நம்பிக்கை 2: கார் கம்பெனிகள் சதி செய்து டிராமைக் கொன்றன

உண்மை: சதி நடந்தது, ஆனால் நோயாளி ஏற்கெனவே படுக்கையில் இருந்தார். பல நகரங்களின் டிராம் நிறுவனங்களை வாங்கிப் பேருந்துக்கு மாற்றிய நேஷனல் சிட்டி லைன்ஸுக்குப் பணம் போட்டவர்களில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன், கலிஃபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் எல்லாரும் இருந்தார்கள். பேருந்து, எரிபொருள், உதிரிப்பொருள் விற்பனையைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளச் சதி செய்ததாக 1949-இல் தீர்ப்பு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு அபராதம் 5,000 டாலர். போக்குவரத்தையே முடக்கச் சதி செய்தார்கள் என்ற இன்னொரு குற்றச்சாட்டு நிற்கவில்லை.

டிராமின் நோய் அதற்கு முன்பே தொடங்கியது. ஐந்து சென்ட் கட்டணத்தை ஏற்ற முடியாதபடி பல நகராட்சிகளின் ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் விலைவாசி ஏறியது, கட்டணம் ஏறவில்லை. அதே தெருவில் கார்கள் புகுந்து டிராமை நத்தை ஆக்கின. பசிபிக் எலக்ட்ரிக்கின் கடைசித் தடம், லாங் பீச் வரை போனது, 1961-இல் நின்றது. 1990-இல் ஏறக்குறைய அதே பாதையில் அரசு மறுபடி ரயில் விட்டது.

நம்பிக்கை 3: மக்கள் கேட்டார்கள், சந்தை கொடுத்தது

உண்மை: மக்கள் தனிவீட்டுக்கு ஆசைப்பட்டது பொய்யில்லை. போர் முடிந்து வந்த லட்சக்கணக்கான வீரர்களுக்குக் குடியிருக்க வீடில்லை. 1947-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில், லெவிட் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. மரவேலை ஆள், பூசும் ஆள், வண்ணம் அடிக்கும் ஆள் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனிக்குழு வீடு வீடாக நகர்ந்தது. வேகம் பிடித்தபோது நாளுக்கு 30 வீடு. 1951-க்குள் 17,000-க்கு மேல். லெவிட்டவுன் என்ற பேர் ஒரு வாழ்க்கை முறைக்கே பேராகிவிட்டது.

அந்த வீடுகளுக்குப் பின்னால் நின்றது அரசு. 1934-இல் பிறந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 1944-இன் படைவீரர் சட்டம் முன்பணமே இல்லாமல் வீடு வாங்க வழி செய்தது. அந்த உத்தரவாதம் புறநகரின் புது வீட்டைத் தேடிப் போனது. கறுப்பர்கள் வாழ்ந்த நகரப் பகுதிகளைச் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கியது. லெவிட்டவுனின் தொடக்க ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. கேட்டவர்கள் எல்லாருக்கும் சந்தை கொடுத்துவிடவில்லை.

அடுத்தது சாலை. 1956-இல் ஐசனோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் சுமார் 66,000 கிலோமீட்டருக்குத் திட்டம் போட்டது. செலவில் 90 விழுக்காடு மத்திய அரசுடையது. ரயிலுக்கும் டிராமுக்கும் அப்படி ஒரு கை நீளவில்லை.

இவை இரண்டையும்விட அழுத்தமானது, கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது: நிலப் பயன்பாட்டுச் சட்டம். ஒஹையோவின் யூக்ளிட் என்ற ஊர், தன் நிலத்தில் எங்கே எதைக் கட்டலாம் என்று வகுத்தது செல்லும் என்று 1926-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனிவீட்டுப் பகுதியில் புகும் அடுக்குமாடியை ஏறக்குறைய ஒட்டுண்ணி என்றே அந்தத் தீர்ப்பு பேசியது. அதன்பின் ஊருக்கு ஊர் இதே ஏற்பாடு: வீடு ஓரிடம், கடை ஓரிடம், அலுவலகம் ஓரிடம். பல நகரங்களில் குடியிருப்பு நிலத்தின் சுமார் முக்கால் பங்கில் தனிவீடு தவிர வேறெதையும் கட்ட முடியாத நிலை வந்தது. கடை கட்டினால் இத்தனை கார் நிறுத்த இடம் விட்டாக வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்த இலவச நிறுத்தத்தின் விலையை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று பேராசிரியர் டொனால்டு ஷூப் 2005-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

தெருமுனையில் பெட்டிக்கடை இல்லாததற்குக் காரணம் வியாபாரம் ஆகாது என்பதல்ல. பல இடங்களில் அது சட்டப்படி குற்றம்.

நம்பிக்கை 4: பெட்ரோல் விலை ஏறினால் வண்டியைக் குறைத்துவிடுவார்கள்

உண்மை: வேறு வழி இருந்தால்தானே குறைக்க? 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பம்ப் வாசலில் கார் வரிசை நீண்டது. ஒற்றைப்படை எண் வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என்று சில மாநிலங்கள் முறை வைத்தன. வேகத்துக்கு மணிக்கு 55 மைல் என்று நாடு முழுவதும் வரம்பு வந்தது.

1979-இல் ஈரான் புரட்சியை ஒட்டி மறுபடி தட்டுப்பாடு. அந்த ஜூனில் பென்சில்வேனியாவில், அதே லெவிட் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில், பெட்ரோல் பங்க்குகள் கூடும் ஒரு சந்திப்பில் இரண்டு இரவு கலவரம் நடந்தது. லாரிக்காரர்கள் தொடங்கிய மறியலில் ஊர்க்காரர்களும் சேர்ந்தார்கள். வண்டிகள் எரிந்தன, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். மலிவான பெட்ரோலை நம்பிக் கட்டிய ஊர், பெட்ரோலுக்காகவே தெருவில் இறங்கியது.

இரண்டு அதிர்ச்சிக்கும் அமெரிக்கா மாற்றியது வண்டியைத்தான். 1975-இல் வந்த சட்டம் காரின் எரிபொருள் சிக்கனத்துக்கு அளவு வைத்தது. கார்கள் சிறுத்தன, ஊர்கள் அப்படியே நின்றன. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோதும் நாட்டின் மொத்த வண்டி ஓட்டம் சில விழுக்காடுதான் குறைந்தது. விலை பாதியாகக் குறைந்தால் இன்னும் தள்ளி ஒரு வீடு வாங்கிவிடலாம். விலை இரட்டித்தால் அந்த வீட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வர முடியாது.

நம்பிக்கை 5: எண்ணெய் தீரும், புறநகரும் சாகும்

உண்மை: இதை நாள் குறித்துச் சொன்னவர்கள் தோற்றுவிட்டார்கள். நெடுஞ்சாலைச் சட்டம் வந்த அதே 1956-இல்தான், அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கும் என்று ஷெல் நிறுவனப் புவியியலாளர் கிங் ஹப்பர்ட் கணித்தார். 1970-இல் அப்படியே நடந்தது. அந்தக் கணிப்பின் பலத்தில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஹோவர்ட் கன்ஸ்ட்லர் போன்றவர்கள், 2000-களின் நடுவில், புறநகரின் முடிவு வாசலில் நிற்கிறது என்று எழுதினார்கள். பிறகு பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் நுட்பம் வந்தது. 2018-இல் உற்பத்தி 1970-இன் உச்சத்தைத் தாண்டியது. 2020 ஏப்ரலில், கொள்ளைநோய் முடக்கத்தில், எண்ணெய் முன்பேர விலை ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது.

கன்ஸ்ட்லர் புறநகரின் நோயைச் சரியாகவே பார்த்தார். நாள் குறித்ததில்தான் பிசகினார். எண்ணெய் தீர்ந்துபோவது ஒன்று. விலை ஏறி இறங்கி வீட்டுக் கணக்கை உலுக்குவது வேறு. பின்னது புறநகர்க்காரருக்கு நன்றாகவே பழகிய விஷயம்.

நம்பிக்கை 6: தள்ளிப் போனால் வீடு மலிவு

உண்மை: வீட்டுத் தவணை மலிவு. கடன் தகுதி கிடைக்கும் வரை ஓட்டிக்கொண்டே போ என்று அமெரிக்க வீட்டுத் தரகர்களிடம் ஒரு வழக்கு உண்டு. நகரத்திலிருந்து விலக விலக விலை குறையும். ஓர் இடத்தில் உங்கள் சம்பளத்துக்கு வங்கி தலையசைக்கும். ஆனால் அங்கே கணவனுக்கு ஒரு கார், மனைவிக்கு ஒரு கார், பிள்ளைக்கு 16 வயதானதும் இன்னொன்று. ஒரு புதுக் காரை வைத்து ஓட்ட 2024-இல் ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் ஆனது என்கிறது அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் கணக்கு. வீட்டுச் செலவுக்கு அடுத்து அமெரிக்கக் குடும்பத்தின் பெரிய செலவு போக்குவரத்துதான். வங்கியோ கடன் கொடுக்கும்போது தவணையைப் பார்க்கும், பெட்ரோலைப் பார்க்காது.

2008-க்கு முன்பின்னான வீட்டுக் கடன் நொடிப்பில் இது வெளிச்சமானது. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ மாவட்டங்கள் போன்ற தொலைப் புறநகர்களில் வீடுகள் ஜப்தியாகிக் குவிந்தன. மூல காரணம் தகுதி பாராமல் கொடுத்த கடன். அந்த நேரம் பார்த்து ஏறிய பெட்ரோல், ஏற்கெனவே தள்ளாடிய குடும்பத்தின் மேல் இன்னொரு மூட்டையை வைத்தது.

நம்பிக்கை 7: வீட்டிலிருந்து வேலை பார்த்தால் தீர்ந்தது

உண்மை: 2019-இல் வேலைக்குப் போகிறவர்களில் 5.7 விழுக்காட்டினர் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள், 2021-இல் 17.9 விழுக்காட்டினர். ஆனால் அமெரிக்கர்களின் மொத்தப் பயணங்களில் வேலைக்குப் போய்வருவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் பள்ளி, கடை, மருத்துவர், நண்பர் வீடு. பயணங்களில் பாதிக்கு மேல் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவானவை. சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் நடுவில் ஆறு வழிச் சாலை, நடைபாதை கிடையாது.

நம்பிக்கை 8: மின்சார கார் எல்லாவற்றையும் தீர்த்துவிடும்

உண்மை: பாதியைத் தீர்க்கும், அதுவும் மெதுவாக. அமெரிக்கச் சாலையில் ஓடும் வண்டியின் சராசரி வயது 12 ஆண்டுக்கு மேல். இன்று விற்கும் பெட்ரோல் கார் இன்னும் பல காலம் ஓடும். மின்சார கார் பெட்ரோல் செலவையும் புகையையும் குறைக்கும். ஆனால் மூன்று காரை இரண்டாக்காது. ஓட்டத் தெரியாத மாமியாரையும் ஓட்ட வயதாகாத பேரனையும் வெளியே கூட்டிப்போகாது. கார் எதில் ஓடினாலும் அது ஓடும் தாரும் எண்ணெயிலிருந்து வருவதுதான்.

அப்படியென்றால் வேறு புறநகர் சாத்தியமா? லெவிட்டவுன் தொடங்கிய அதே 1947-இல் டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு ஒரு திட்டம் வரைந்தார்கள். பேர் விரல் திட்டம். பழைய நகரம் உள்ளங்கை. அதிலிருந்து ஐந்து விரல்களாக ரயில் தடங்கள். விரல் நெடுக நிலையத்தை ஒட்டிப் புறநகர்கள். விரலிடுக்கில் வயலும் காடும். அங்கேயும் தோட்டம் வைத்த வீடு உண்டு, கார் உண்டு. காரை எடுக்காத நாளிலும் வாழ்க்கை நடக்கும் என்பதுதான் வித்தியாசம். எண்ணெய் விலை இரு ஊருக்கும் ஒன்றாகவே ஏறியது. அடி விழுந்தது வரைபடத்தைப் பொறுத்து.

வரைபடம் கல்லில் வெட்டியதல்ல என்று அமெரிக்கர்கள் இப்போது உணரத் தொடங்கியிருக்கிறார்கள். பஃபலோ நகரம் 2017-இல் கட்டாயக் கார் நிறுத்த விதியை எடுத்துவிட்டது. தனிவீட்டு மனையில் மூன்று குடித்தனம் வரை கட்டலாம் என்று 2018-இல் மினியாபொலிஸ் முடிவு செய்தது. 2019-இல் ஒரிகனும் 2021-இல் கலிஃபோர்னியாவும் மாநில அளவில் அந்த வழியில் சட்டம் செய்தன. பலன் தெரியப் பல ஆண்டு ஆகும். எழுபது ஆண்டில் கட்டியது ஏழு ஆண்டில் மாறாது.

அடுத்த முறை அமெரிக்கா போகும் பெற்றோர், பெட்ரோல் என்ன விலை என்று மகனிடம் விசாரிப்பதோடு இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம்: "உங்க தெருமுனையில் ஒரு கடை வைக்கச் சட்டம் விடுமாப்பா?" விடும் என்ற பதில் வருகிற ஊரில், கறிவேப்பிலைக்கு அவன் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம்.