பல் பிடுங்கும் முன் பிரஷர் பாருங்கள்

மும்பையில் மாட்டுங்கா என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம். ரயில் நிலையத்துக்கு அருகே கடைத்தெரு இருக்கிறது. வாழை இலை, வெற்றிலை, பூ, காய்கறி எல்லாம் அங்கே கிடைக்கும். பக்கத்தில்தான் தாராவி. அங்கிருந்து பலர் விடியற்காலையில் மாட்டுங்காவுக்கு வேலைக்கு வருவார்கள்.

பூ விற்கும் ஓர் அம்மாவும் அப்படி வருகிறவர்தான். வயது 52. அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. மூன்று வாரமாக வலி. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டார். வலி போகும், மறுபடியும் வரும். ஒரு நாள் கன்னம் வீங்கிவிட்டது. கூடையைப் பக்கத்துக் கடை அக்காவிடம் ஒப்படைத்தார். பல் டாக்டரிடம் போனார்.

"பல்லைப் பிடுங்கிடுங்க டாக்டர். வலி தாங்க முடியலை" என்றார்.

டாக்டர் அவர் கையில் பட்டையைக் கட்டினார்.

"பல்லுக்கு வந்தா கையில எதுக்குக் கட்டுறீங்க?"

"முதலில் பிரஷர் பார்க்கணும், அம்மா."

கருவி 190-க்கு 112 என்று காட்டியது. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, டாக்டர் மறுபடியும் பார்த்தார். அப்போதும் குறையவில்லை.

"இன்னைக்குப் பல் பிடுங்க வேண்டாம், அம்மா" என்றார் டாக்டர்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நாள் வியாபாரத்தை விட்டுட்டு வந்திருக்கேன். எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. பிரஷர் எங்கே இருக்கு?"

"பிரஷர் சத்தம் போடாமல் இருக்கும், அம்மா. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் மங்கல், ஒரு பக்கம் கை கால் மரத்துப் போறது, பேச்சு குழறல் ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் இல்லை."

"இருந்தால் இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"போன வருஷம் கொடுத்தாங்க. நல்லாத்தானே இருக்கோம்னு நிறுத்திட்டேன்."

டாக்டர் பல்லைத் திறந்து, சீழ் வெளியேற வழி செய்தார். வீக்கம் குறைய மாத்திரை கொடுத்தார். வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தார். ஒரு சீட்டும் எழுதித் தந்தார். "சயான் ஆஸ்பத்திரியில் இதைக் காட்டுங்க" என்றார்.

சயானில் உள்ள லோகமான்ய திலகர் மருத்துவமனையை மாநகராட்சி நடத்துகிறது. மறுநாள் அம்மா அங்கே போனார். பிரஷர் மாத்திரையை மறுபடியும் தொடங்கினார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது 146-க்கு 88. அன்று பல்லைப் பிடுங்கினார்கள். இரத்தம் சீக்கிரம் நின்றது. அடுத்த நாள் பூக்கடைக்கு வந்துவிட்டார்.

இரத்த அழுத்தம் என்றால் என்ன?

இதயம் ஒரு பம்பு போன்றது. அது இரத்தத்தைக் குழாய்களில் தள்ளுகிறது. இரத்தம் குழாய்ச் சுவரை அழுத்துகிறது. அதுதான் இரத்த அழுத்தம். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். இதயம் விரியும்போது உள்ள அழுத்தம் கீழ் எண்.

120-க்கு 80 என்பது நல்ல அளவு. பல முறை பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது உயர் இரத்த அழுத்தம்.

கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை 1896-இல் இத்தாலி நாட்டு மருத்துவர் ரிவா ரோச்சி செய்தார். குழலைக் காதில் வைத்து ஓசை கேட்டு அளக்கும் முறையை 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்னார்.

பல்லுக்கும் பிரஷருக்கும் என்ன தொடர்பு?

பயமும் வலியும் பிரஷரை ஏற்றும். பல் பிடுங்கும் நாற்காலியில் இரண்டும் உண்டு. ஏற்கனவே அதிகமாக இருந்தால் இன்னும் ஏறும். மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கலாம். இதயமும் பாதிக்கப்படலாம். பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்கவும் நேரம் ஆகும்.

மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் என்ற மருந்து கலந்திருக்கும். அது இரத்தக் கசிவைக் குறைக்கும். ஆனால் அளவு கூடினால் பிரஷரை ஏற்றும். பிரஷர் உள்ளவர்களுக்கு டாக்டர் அதைக் குறைந்த அளவில், மெதுவாகப் போடுவார்.

180-க்கு 110 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளி வைப்பார்கள். அதற்குக் கீழே இருந்தால், பெரும்பாலும் கவனத்தோடு செய்யலாம். ஆகவே பிரஷர் இருக்கிறது என்று பயந்து பல்லைக் கவனிக்காமல் விடக் கூடாது.

இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள்.

அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் சிலருக்கு ஈறு தடிக்கும். அப்போது மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் வேறு மாத்திரை தரலாம். பல்லைச் சுத்தமாக வைத்திருந்தால் தடிப்பு குறையும்.

நினைவில் வையுங்கள்

1. பல் டாக்டரிடம் போகும்போது, சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய சீட்டையும் கொண்டு போங்கள்.
2. அன்றும் பிரஷர் மாத்திரையை வழக்கம்போலச் சாப்பிடுங்கள்.
3. வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.
4. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
5. வேலை முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்காதீர்கள். தலை சுற்றும். சற்று உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள்.
6. பஞ்சை அரை மணி நேரம் கடித்தபடி இருங்கள். அன்று முழுவதும் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள்.
7. மிஸ்ரியால் பல் தேய்க்காதீர்கள். அது வறுத்த புகையிலை. ஈறையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும்.
8. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவான உப்பு போதும்.

பதில் சொல்லுங்கள்

1. டாக்டர் அன்று ஏன் பல்லைப் பிடுங்கவில்லை?
2. அம்மா செய்த இரண்டு தவறுகள் எவை?
3. பல் பிடுங்கிய அன்று என்னென்ன செய்யக் கூடாது?

சரியா, தவறா?

1. தலைவலி இல்லை என்றால் பிரஷர் இல்லை.
2. பல் பிடுங்கும் நாளில் பிரஷர் மாத்திரை சாப்பிட வேண்டும்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயரை எழுதுங்கள். அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் அவர்களுடைய பிரஷரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் பெயருக்கு எதிரே நீங்களே எழுதி வையுங்கள்.