நாட்டைச் சுற்றிக் காட்டும் மூன்று புத்தகங்கள்

ஒரு நாள் இரவு. எங்கள் மையத்தில் படிப்பு முடிந்தது. சில புத்தகங்களைப் பாயில் பரப்பி வைத்தேன். எல்லாம் நம் நாட்டைப் பற்றிய புத்தகங்கள்.

ஓர் அக்கா கேட்டார்:

"தம்பி, பக்கத்து டவுனுக்குப் போகவே பஸ்ஸுக்குக் காசு தேட வேண்டியிருக்கு. நாட்டைச் சுத்திப் பார்க்கிற புத்தகம் எங்களுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒரு பறவைப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் பக்கங்களைத் திருப்பினார். ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"செம்போத்து! வேலி ஓரமா நடந்து போகும். ஊப் ஊப்னு கத்தும். நத்தை, பூச்சி எல்லாம் தின்னும்."

படத்தின் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் சொன்னதுதான் அங்கேயும் இருந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன். எனக்கு அந்தப் பறவையின் பெயர் அன்றுதான் தெரிந்தது.

பறவைகளைக் காட்டும் புத்தகம்

சாலிம் அலி 1896-இல் மும்பையில் பிறந்தார். தாய் தந்தை இல்லாத பிள்ளை. மாமா வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டுவிட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. 'இது என்ன குருவி?' என்று கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே பையனுக்குப் பதிலும் கிடைத்தது. படிக்கப் புத்தகங்களும் கிடைத்தன.

பிற்காலத்தில், பட்டம் இல்லை என்று அவருக்கு ஒரு வேலை மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்து போகவில்லை. நாடு முழுவதும் நடந்து பறவைகளைக் கவனித்தார். 1941-இல் 'இந்தியப் பறவைகள்' பற்றிய புத்தகம் வெளிவந்தது. அதில் வண்ணப் படங்கள் இருந்தன. பறவை நூல் என்றால் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

சிறையில் எழுதிய வரலாறு

1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் நடந்தது. ஜவாஹர்லால் நேருவைக் கைது செய்தார்கள். மகாராஷ்டிரத்தில் உள்ள அகமத்நகர் கோட்டையில் அடைத்தார்கள். வெளியே போக முடியாது. 1944-இல் அங்கே இருந்தபடியே நம் நாட்டின் கதையை எழுதினார். சிந்துவெளி நகரங்கள், அசோகர், அக்பர் எல்லாம் அதில் வருகிறார்கள். 1946-இல் அது புத்தகமாக வந்தது. பெயர் 'கண்டுணர்ந்த இந்தியா'.

சுவருக்குள் இருந்தவர் நாட்டையே சுற்றி வந்துவிட்டார் பாருங்கள்!

ஊர் சுற்றியின் புத்தகம்

ராகுல் சாங்கிருத்தியாயன் உத்தரப்பிரதேசத்துக்காரர். 1893-இல் பிறந்தார். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பினார். பல மொழிகள் கற்றார். நான்கு முறை திபெத்துக்குப் போனார். பழைய சுவடிகளையும் ஓவியங்களையும் கோவேறு கழுதைகளில் ஏற்றிக் கொண்டு வந்தார்.

'வால்காவிலிருந்து கங்கை வரை' என்பது அவர் புத்தகம். அதில் 20 கதைகள் உள்ளன. மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி மாறினார்கள் என்று அவை சொல்கின்றன. தமிழிலும் இந்தப் புத்தகம் உண்டு.

எப்படிப் படிப்பது?

பெரிய புத்தகம் என்று பயப்பட வேண்டாம். முதலில் படங்களைப் பாருங்கள். தெரிந்த ஊர், தெரிந்த பறவை இருக்கிறதா என்று தேடுங்கள். நாளுக்கு ஒரு பக்கம் போதும். வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் உள்ளவர்களும் கேட்கட்டும். ஊர் நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள்.

அந்த அக்கா அடுத்த வாரம் பறவைப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வந்தார்.

"தம்பி, செம்போத்தை எங்க ஊர்ல செண்பகம்னும் சொல்வோம். அந்தப் பேரு இதுல இல்லையே!"

"நீங்களே எழுதுங்க அக்கா" என்று நோட்டைக் கொடுத்தேன்.

எழுதினார். எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கலந்து பேசுவோம்

1. சாலிம் அலிக்குப் பறவைகள் மேல் ஆசை எப்படி வந்தது?
2. வெளியே போக முடியாத நேரு நாட்டைப் பற்றி எப்படி எழுத முடிந்தது?
3. உங்களுக்குத் தெரிந்து, புத்தகத்தில் வராத செய்தி என்ன?

எழுதுவோம்

உங்கள் ஊரில் பார்க்கும் ஐந்து பறவைகளின் பெயர்களை எழுதுங்கள். ஊரில் உள்ள பழைய கோயில், குளம், கோட்டை ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.